இருவர் உட்காரும் மேசையை எடுத்துவிடாதீர்கள்: எங்கள் யூதப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவில் உள்ள அனைவருக்கும்,

போன வாரம் பெற்றோருக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் ஒரே பக்கம். அதில் நான்கு முடிவுகள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஹவ்ரூதா, அதாவது ஜோடியாகப் படிக்கும் நேரம், வாரத்துக்கு நான்கு மணியிலிருந்து அரை மணியாகக் குறைகிறது. மிச்ச நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு ‘அவரவர் வேகத்தில்’ தால்முத் படிக்க வேண்டும். பெயித் மித்ராஷ் அறை கணினிக் கூடமாகிறது. தால்முத் ஆசிரியர் மோரியின் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. இந்த நான்கையும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அதனால் இந்தத் தடவை எனக்கு யோசனை ஓடும் மொழியிலேயே முழுதாக எழுதுகிறேன். என் மகள் உங்கள் முன் நின்று இதை வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்வாள். இதுவும் நம்மிடம் இருக்கும் பழைய வழக்கம்தான். ஜெப ஆலயத்தில் ஒருவர் தோராவிலிருந்து, அதாவது மோசேயின் ஐந்து நூல்களிலிருந்து, எபிரேயத்தில் ஒரு வசனம் வாசிப்பார், பக்கத்தில் நிற்பவர் அதையே அரமேயத்தில் சொல்வார், அப்புறம் அடுத்த வசனம். ஏமன் நாட்டு யூதர்கள் இன்றைக்கும் இதை விடவில்லை, சின்னப் பையன்களே எழுந்து நின்று அரமேயத்தைச் சொல்கிறார்கள். தமிழில் இருப்பதால் பள்ளிக்கு வெளியே இருப்பவர்களும் படிப்பார்கள், படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹவ்ரூதா என்றால் அரமேயத்தில் தோழமை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் தால்முத்தின் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் சத்தமாக வாசித்துப் பொருள் சொல்ல, மற்றவர் மறுக்க, மறுபடியும் வாசித்து, மறுபடியும் சொல்லிப் படிக்கும் முறை. ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்துவதில்லை, மேசை மேசையாக நடந்துகொண்டிருப்பார். அந்த மேசைகள் போட்ட அறைதான் பெயித் மித்ராஷ். தால்முத் என்பது யூதச் சட்ட வாதங்களின் பழைய பெருநூல்: மிஷ்னா அதன் சட்டத் தொகுப்பு, கெமாரா அந்தச் சட்டங்கள் மேல் நடக்கும் வாதம்.

நான் இந்த மரபுக்குள் பிறக்கவில்லை. மதுரையில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் படித்தவள். கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கிக் கொடுக்கும் வகுப்பறைகள், பரீட்சைக்கு முந்தின நாள் நோட்ஸில் இருப்பதை உருப்போடுவது, இதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. 15 வருடங்களுக்கு முன்னால், யூத மதத்தில் சேருவதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ரப்பி, அதாவது மதகுரு, என்னை ஒரு வயதான அம்மாவிடம் அனுப்பினார். ஓய்வுபெற்ற மருந்தாளுநர், எழுபது வயதுக்கு மேல். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை இரவும் ஜெப ஆலய நூலகத்தில் இரண்டு மணி நேரம். அவர் எனக்கு ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டு நோட்டும் பேனாவுமாகப் போனேன். அவரோ, நாம் இரண்டு பேரும் ஹவ்ரூதா, நோட்டைப் பைக்குள் வை என்றார்.

முதல் பாடம் ஆதியாகமத்தின் முதல் வசனம். அதற்கு ராஷி எழுதிய உரையின் தொடக்கமே ஒரு கேள்விதான்: தோரா ஏன் இங்கே தொடங்குகிறது? மக்களுக்குக் கொடுத்த முதல் கட்டளையிலிருந்து அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? புனித நூலின் முதல் வரியைப் பார்த்து, அந்த நூலுக்கே தலைசிறந்த உரையாசிரியர் இப்படிக் கேட்கிறார். நான் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் புத்தகத்தை மூடினார். “நீ தலையாட்டிக்கொண்டே இருப்பதாக இருந்தால், நான் வீட்டில் தனியாகவே படித்துக்கொள்வேனே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்கு ஒரு எதிராளி தேவைப்பட்டது. நான் மறுத்துப் பேச எட்டு வாரம் ஆனது. நான் முதன்முதலாக “இல்லை, அப்படி இருக்காது” என்று சொன்ன இரவில் அவர் எழுந்து போய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட சட்டங்களில் பாதி மறந்துபோயிருக்கலாம். அந்த மேசையில் உட்காரும் விதம் மறக்கவில்லை. என் மகளை உங்கள் பள்ளியில் சேர்த்ததற்குக் காரணம் அதுதான், வீட்டுக்குப் பக்கத்தில் கட்டணம் குறைந்த வேறு பள்ளிகள் இருந்தும்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் பெயித் மித்ராஷில் சுவரோரம் நாற்காலி போட்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தது தால்முத்தில் பாவா மெட்சியா என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயம், தொலைந்த பொருளைக் கண்டெடுப்பவன் என்ன செய்ய வேண்டும் என்ற சட்டம். தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பிள்ளைகள் தால்முத்தைத் தொடங்கியது இந்த அத்தியாயத்தில்தான். அடையாளம் இல்லாத ஒரு பொருளைத் தொலைத்தவன், போனது போகட்டும் என்று மனதால் கைவிட்டுவிட்டால், எடுத்தவன் வைத்துக்கொள்ளலாம். சரி, தொலைந்ததே அவனுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் நிச்சயம் கைவிட்டுவிடுவான் என்றால்? தால்முத்தில் வாதாடும் அறிஞர்கள் இரண்டு பேர். அபயே சொல்கிறார், அது கைவிட்டதாக ஆகாது. ராவா சொல்கிறார், ஆகும்.

என் மகள் அபயே பக்கம். அவளுக்கு எதிரே இருந்த பையன் ராவா பக்கம். அவன் முழங்காலை நாற்காலியில் ஊன்றி மேசை மேல் பாதி சாய்ந்துகொண்டு சொல்கிறான், “மிஷ்னாவைப் பார், சிதறிக் கிடக்கும் காசு எடுத்தவனுக்குச் சொந்தம் என்று இருக்கிறது. காசுக்காரனுக்கு அது விழுந்ததே தெரியாது. இருந்தும் எடுத்தவனுக்குத்தான் கொடுக்கிறார்கள். ராவா சொன்னது சரியாகிவிட்டதா?” என் மகளிடம் பதில் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மோரி அந்தப் பக்கமாக வந்தார். மேசைக்கு எதிர்ப்புறம் நின்றபடி, அதாவது அவருக்கு எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியும் நிலையில், ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். “இதை வாசித்தீர்களா?” அவ்வளவுதான், அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவள் வாசித்தாள். ரப்பி யிட்சாக் சொன்ன வரி: மனிதன் தன் பணப்பையை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை தன் சட்டைப் பைக்குப் போனதை நான் பார்த்தேன். அப்புறம் கத்தினாள், “அவனுக்குத் தெரியும்! தொட்டுப் பார்த்திருப்பான், காசு இல்லை என்று தெரிந்துதான் கைவிட்டிருப்பான்! இது தெரியாமல் கைவிட்ட கதை இல்லை, உன் சாட்சி செல்லாது!” பையன் இரண்டு முறை அந்த வரியைத் திரும்ப வாசித்துவிட்டு, “சரி, இது போச்சு. அடுத்த சாட்சியைப் பார்ப்போம்” என்றான். தோற்ற முகமே இல்லை. கெமாரா 1,500 வருடங்களுக்கு முன்பு நடத்திய அதே வாதத்தை, அதே வரிசையில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் தாங்களாகவே நடந்து முடித்தார்கள். அந்த அறையைத்தான் நீங்கள் கணினிக் கூடமாக்கப் போகிறீர்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த செயலியையும் குறை சொல்வதற்கு முன் பார்த்துவிட்டேன். பெற்றோர் பார்ப்பதற்காக ஒரு வாரம் திறந்துவிட்டிருந்தீர்கள். அதே அத்தியாயம், அதே பகுதி. என் மகள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பதினோரு நிமிடத்தில் முடித்தாள். ‘சட்டம் யார் சொன்னபடி?’ என்று ஒரு கேள்வி, கீழே இரண்டு பெயர். அபயேயை அழுத்தினாள், பச்சை நட்சத்திரம் வந்தது. பதில் சரிதான். ராவாவோடு மாறுபட்ட இடங்களில் ஆறே ஆறு இடத்தில்தான் அபயே சொன்னபடி சட்டம், இது அதில் ஒன்று. ஆனால் அப்படித் தோற்கப்போகும் ராவாவின் பேச்சுக்குச் சாட்சி தேடித் தேடிக் கெமாரா ஏன் இத்தனை பக்கம் செலவழித்தது? செயலியில் ராவா என்பது ‘தவறான விடை’. இரவு சாப்பிடும்போது கேட்டேன், ராவா இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று. “அது கேள்வியிலேயே இல்லையே அம்மா” என்றாள்.

இன்னொன்று. தால்முத் பக்கத்தைத் திறந்தால் நடுவில் கெமாரா, உள் ஓரத்தில் 1105-இல் மறைந்த ராஷியின் உரை, வெளி ஓரத்தில் தோசஃபோத், அதாவது ராஷியின் பேரன்மாரும் அவர்கள் வழி வந்தவர்களும் எழுதியது. பேரன்கள் பக்கத்துக்குப் பக்கம் தாத்தாவோடு மல்லுக்கட்டுகிறார்கள். 1520 தொடங்கி வெனிசில் டேனியல் பொம்பெர்க் அச்சடித்தபோது அமைந்த இந்த அமைப்பும் ஏட்டு எண்களும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு பிள்ளை பக்கத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிடும், இங்கே யாரும் தனியாகப் பேசுவதில்லை என்று. உங்கள் செயலியில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் தெரியும். தோசஃபோத்தைப் பார்க்க ‘மேலும்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். என் மகள் ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு ரப்பி யோஹனான் கதைதான் ஞாபகம் வருகிறது. உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், இருந்தாலும் இந்த முடிவைப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். அதே பாவா மெட்சியாவில் 84-ஆம் ஏட்டில் இருக்கிறது. ரேஷ் லாகீஷ், அதாவது லாகீஷின் மகன் ஷிமோன், ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். ரப்பி யோஹனான்தான் அவரைப் படிப்புக்கு இழுத்து வந்து, தன் தங்கையைக் கட்டிக் கொடுத்து, தன் எதிரே உட்காரவும் வைத்தார். ஒருநாள் படிப்பில் வந்த ஒரு வாக்குவாதத்தில் பழைய தொழிலைச் சொல்லிக் காட்டிவிட்டார். மனம் முறிந்து, ரேஷ் லாகீஷ் நோயில் விழுந்து இறந்துபோனார். துக்கத்தில் இருந்த யோஹனானைத் தேற்ற, கூர்மையான புத்தி உள்ள எலாசார் பென் பெதாத்தை அனுப்பினார்கள். யோஹனான் எது சொன்னாலும், நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது என்று ஒரு பழைய வாக்கை எடுத்துக் காட்டினார் எலாசார். கடைசியில் யோஹனான் வெடித்துவிட்டார். லாகீஷின் மகன் போலவா நீ? நான் ஒன்று சொன்னால் அவன் 24 தடை எழுப்புவான், நான் 24 விடை சொல்வேன், அப்படித்தான் விஷயம் விரிந்தது. நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா, அதை நீ வந்து சொல்ல வேண்டுமா? ஆடையைக் கிழித்துக்கொண்டு, எங்கே போனாய் லாகீஷின் மகனே என்று அழுதுகொண்டே அலைந்தாராம்.

சரி என்று மட்டும் சொல்லத் தெரிந்த துணை துணையே இல்லை என்று நம் முன்னோர் இவ்வளவு வலியோடு எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போவது அந்தத் துணையைத்தான். பச்சை நட்சத்திரத்துக்கு 24 தடை எழுப்பத் தெரியாது.

உங்கள் கடிதத்தில் காரணங்கள் மூன்று. சத்தம் அதிகம், பக்கத்து வகுப்புகளுக்குத் தொந்தரவு என்பது முதலாவது. தால்முத்தின் எரூவின் பகுதியைப் படித்தவர்களுக்குப் பெரூரியா என்ற கற்றறிந்த பெண்ணைத் தெரியும். முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனை அந்த அம்மா காலால் உதைத்தார், உடம்பு முழுவதும் சேர்ந்து படித்தால்தான் படிப்பு நிற்கும் என்று. சத்தமில்லாமல் படித்த மாணவன் ஒருவன் மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் மறந்தான் என்பதும் அங்கேயே இருக்கிறது. சத்தம் தொந்தரவு என்றால் கதவுக்கு ரப்பர் போடுங்கள், அறையை மூலைக்கு மாற்றுங்கள். அதற்கு நானே பணம் வசூலித்துத் தருகிறேன்.

அளக்க முடியவில்லை என்பது இரண்டாவது. ஒரு ஜோடி பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் யாருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மோரிக்கு எந்தப் பிள்ளை எந்த வார்த்தையில் தடுக்குகிறது என்று மனப்பாடமாகத் தெரியும். அவரை யாராவது கேட்டீர்களா?

மூன்றாவது காரணம்தான் கனமானது, அதை நான் தள்ளிவிடப் போவதில்லை. வேகமாகப் படிக்கும் பிள்ளையோடு மெதுவான பிள்ளையை உட்கார வைத்தால் மெதுவான பிள்ளை நொந்துபோகிறது என்கிறீர்கள். உண்மைதான். என் மகளுக்கே நடந்தது. ஆறாம் வகுப்பில் அவளுக்கு வாய்த்த தோழி, இவள் வாயைத் திறப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். மூன்று வாரம் தலைவலி என்று சொல்லி என் மகள் ஹவ்ரூதா நாட்களில் பள்ளிக்குப் போக மறுத்தாள். நான் மோரியிடம் போனேன். அவர் ஜோடியை உடனே மாற்றவில்லை. ஒரு விதி வைத்தார்: உன் கருத்தைச் சொல்வதற்கு முன், எதிரே இருப்பவள் சொன்னதை நீ திருப்பிச் சொல், ஆமாம், அதைத்தான் சொன்னேன் என்று அவள் ஒப்புக்கொண்ட பிறகு உன் முறை. இதை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சட்டம் ஏன் ஹிலேல் பள்ளியார் சொன்னபடி ஆனது என்று கேட்கும் தால்முத், அவர்கள் மென்மையானவர்கள், தங்கள் வாதத்துக்கு முன் எதிர்த்தரப்பான ஷம்மாய் பள்ளியாரின் வாதத்தைச் சொன்னவர்கள் என்றுதான் விடை சொல்கிறது. அந்தத் தோழிக்கு முதல் வாரம் இவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லவே வரவில்லை, கேட்டிருந்தால்தானே. இரண்டாம் மாதம் இருவரும் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தார்கள்.

ஆக, மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு மருந்து ஒரு நல்ல ஆசிரியர். ரப்பி பெரெதாவுக்கு ஒரு மாணவன் இருந்தான், ஒவ்வொரு பாடத்தையும் 400 தடவை சொன்னால்தான் அவனுக்கு ஏறும். ஒருநாள் அவன் கவனம் சிதறி 400 தடவைக்குப் பிறகும் ஏறவில்லை. இன்னொரு 400 தடவை சொல்லிக் கொடுத்தார். உன் வேகத்தில் நீயே போய்க்கொள் என்று அவனை அனுப்பிவிடவில்லை. வகுப்பு பெரிதாகிவிட்டது என்றால் அதற்கும் தால்முத்தின் பாவா பத்ரா பகுதியில் கணக்கு இருக்கிறது: ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் ஊர்ச் செலவில் ஒரு துணை ஆசிரியர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள். பிள்ளைகள் அதிகமானபோது அவர்கள் ஆளைக் கூட்டினார்கள். நீங்கள் ஆளைக் குறைக்கிறீர்கள்.

பழையது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று வாதாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பழையது அப்படியே இருந்திருந்தால் என் மகள் கெமாரா மேசையில் உட்கார்ந்திருக்கவே முடியாது. 1917-இல் க்ராகோவில் தையல் வேலை செய்துகொண்டிருந்த சாரா ஷெனிரர் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியபோது எவ்வளவு எதிர்ப்பு இருந்தது. அங்கேயும் தால்முத் கிடையாது. 1977-இல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் கல்லூரியில் பெண்களுக்கான தால்முத் வகுப்பை ரப்பி ஜோசஃப் சொலவெய்ச்சிக் தானே வந்து தொடங்கி வைத்த பிறகுதான் பல கதவுகள் திறந்தன. அந்த மாற்றங்களால் மேசைக்கு நாற்காலிகள் கூடின. நான் கைகூப்பி வரவேற்பேன். இப்போது நீங்கள் செய்வது மேசையையே எடுப்பது.

கருவிகள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. எருசலேமில் நெகாமா லெய்போவிட்ஸ் 1942-இல் தொடங்கி ஏறக்குறைய முப்பது வருடம் வாராவாரம் கேள்வித்தாள் தயாரித்துத் தபாலில் அனுப்பினார். வீட்டில் இருப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், யார் வேண்டுமானாலும் பதில் எழுதி அனுப்பலாம், அவர் சிவப்பு மையில் திருத்தி, கூடவே இன்னொரு கேள்வியும் எழுதித் திருப்பி அனுப்புவார். தபால்தலைதான் அவருடைய தொழில்நுட்பம். அதன் இன்னொரு முனையில் ஒரு மனுஷி இருந்தார். டேப்லெட்டில் அரமேயச் சொற்களைப் பழகட்டும், வீட்டுப்பாடம் செய்யட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மோரியைப் பற்றி. அவர் தலைகீழாக வாசிக்கிறார் என்று மேலே எழுதினேன். நம் பிள்ளைகள் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள், அது எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய அப்பா ஏமனில் படித்தவர். அங்கே புத்தகம் அரிது. நடுவில் ஒரு புத்தகத்தை வைத்துச் சுற்றிலும் பிள்ளைகள் உட்கார்வார்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தானோ அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கப் பழகுவான், பக்கவாட்டிலோ தலைகீழாகவோ. 1949-லும் 1950-லும் கிட்டத்தட்ட 50,000 ஏமன் யூதர்களை விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுவந்தபோது அந்த அப்பாவும் வந்தார். அங்கே புத்தகத்துக்குப் பஞ்சம் இல்லை. இருந்தும் தன் இரண்டு மகன்களையும் ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கம் உட்கார வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார். நம் மோரி அதில் தலைகீழாக உட்கார்ந்த மகன். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன், அதனால்தான் ஒரு பிள்ளைக்குப் புரியாதபோது கண்ணில் வரும் மாற்றம் எனக்குத் தெரியும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ‘மோரி’ என்றால் என் ஆசிரியர். ஏமன்காரர்கள் தங்கள் ஆசிரியரைக் கூப்பிடும் அந்தச் சொல்லை நம் பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள், பள்ளி சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் இருப்பதை ஒரு கோப்பில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும். எனக்குக் கொடுத்த அந்த மருந்தாளுநர் அம்மா மூன்று வருடங்களுக்கு முன் காலமானார். கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது வார வேதபாகத்தைக் கொண்டுவந்தாயா என்று கேட்டார். கொண்டுபோயிருந்தேன். ஒரு வசனத்துக்கு மேல் போக அவருக்குத் தெம்பில்லை, ஆனாலும் நான் சொன்ன பொருளை ஒப்புக்கொள்ளாமல் தலையை இடமும் வலமுமாக அசைத்தார். அவர் எனக்குக் கொடுத்ததை என் மகளுக்கு நான் வீட்டில் கொஞ்சம் கொடுக்கலாம். அவளுக்கு வயதொத்த ஒரு எதிராளியைக் கொடுக்க என்னால் முடியாது, அதற்குத்தான் பள்ளி வேண்டும்.

பெசாஹ், அதாவது பஸ்கா பண்டிகை, நெருங்குகிறது. அதன் முதல் இரவு விருந்தான செதெர் மேசையில் வீட்டின் சின்னப் பிள்ளை நான்கு கேள்விகள் கேட்கும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும், தனியாக இருப்பவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும், சட்டமெல்லாம் கரைத்துக் குடித்த அறிஞர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும் என்கிறது தால்முத்தின் பெசாஹிம் பகுதி. அன்று இரவு நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டில் இதைச் செய்வீர்கள். அதற்கு அடுத்த வாரம் இந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது.

நான் கேட்பவை இவை. முதலில், இந்த நான்கு முடிவுகளையும் ஒரு வருடத்துக்கு நிறுத்தி வையுங்கள், அதற்குள் பெற்றோரையும் ஆசிரியர்களையும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பேசுங்கள். ஹவ்ரூதா வாரம் மூன்று மணிக்குக் குறையக் கூடாது, டேப்லெட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயித் மித்ராஷ் அறையைத் தொடாதீர்கள், கணினிக்கு இரண்டாம் மாடியில் பூட்டிக் கிடக்கும் அறை போதும். மோரியின் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்து, இளம் ஆசிரியர்கள் இரண்டு பேரை அவரோடு அந்த மேசைகளுக்கு நடுவில் நடக்க விடுங்கள். ஜோடி அமையாமல் தவிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு துணை ஆசிரியரைப் போடுங்கள், அந்தச் சம்பளத்துக்கு நிதி திரட்டும் பெற்றோர் குழுவில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. வாக்களிப்பதற்கு முன் உங்களில் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் அந்த அறைக்கு வந்து, வேடிக்கை பார்க்காமல், ஒரு பிள்ளைக்கு எதிரே ஜோடியாக உட்கார்ந்து படியுங்கள். செவ்வாய், வியாழன் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. என் மகளும் அந்தப் பையனும் இடம் விட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்துக்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக, எழுத்தில், கூட்டத்துக்கு முன்பாகப் பதில் வேண்டும். கூட்டத்துக்கு நான் வருவேன். நீங்கள் என்னோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், நான் கேட்டு, நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அப்புறம் என் பதிலைச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா